வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

வைன் வியாபாரி வீட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞானம்பிகைக்குப் பெரிய வேலை படிக்கம் கழுவுவதுதான். செம்பில் செய்த பெரிய படிக்கம். வாரத்தில் இரண்டு நாள் பெரியவர் மேசையில் பன்னிரண்டு கிளாசை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு வைன் ஊற்றுவார். மூக்கை உள்ளே விட்டு மணப்பார். ஒரு வாய் எடுத்துக் கொப்பளிப்பார். பிறகு அத்தனையையும் படிக்கத்தில் துப்பிவிடுவார். வெற்றிலை போட்டுத் துப்புகிறவர்களை அவள் நிறையக் கண்டிருக்கிறாள். விலை கூடிய சாமானை வாய்க்குள் விட்டு, விழுங்காமல் துப்பியே பிழைக்கிற மனிதரைச் சுழிபுரத்திலும் கண்டதில்லை, கொழும்பிலும் கண்டதில்லை.

"குடிக்கிறவனை எண்டால் திருத்தலாம். துப்பிறவரை என்னெண்டு திருத்திறது?" என்று கணவன் கோபாலசிங்கத்திடம் கேட்டாள்.

"நீர் அவரைத் திருத்த வந்தனீரோ, கழுவ வந்தனீரோ?" என்றான் அவன்.

வீடு இத்தாலியில், பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து கபோ சந்தைக்கு இறங்குகிற ஒழுங்கையில், நாலாம் மாடி. சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை அவர்களுக்கு. கோபாலசிங்கம் விடிய பஸ் பிடித்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கணவாயும் மட்டியும் துப்புரவு செய்து, பின்னேரம் மீன் வெடுக்கோடு வருவான். ஞானம்பிகைக்கு வீட்டுக்குள்ளேயே வேலை. அந்த வீட்டின் சட்டதிட்டம் அவளுக்கு மனப்பாடம். கிளாசுக்குச் சவர்க்காரம் ஆகாது, சுடுதண்ணீர் மட்டும். ருசி பார்க்கிற நாளில் வெங்காயம் தாளிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் கூட வைக்கக் கூடாது. ஆபிரிக்கப் பக்கமிருந்து சூட்டுக் காற்று அடித்தால் ருசி பார்ப்பதே கிடையாது. அந்தக் காற்றில் நல்ல வைனும் கெட்ட பெயர் வாங்கும் என்பார் பெரியவர். நேரம் பார்த்து வேலை செய்கிற மனிதர் என்று அந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு அவரைப் பிடிக்கும்.

பெரியவரின் பெயர் தெல்மான். பெயரில் இத்தாலி வாசமே இல்லை. ஏனென்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குச் சமையல் பிந்தும். அவருடைய முன்னோர் வட ஜேர்மனிக்காரர்கள். வைன் வாங்குவதற்காகப் பிரான்சில் போர்தோவுக்குப் போனவர்கள். பிறத்தியானை ஊருக்குள் அண்ட விடாத காலம் அது. அதனால் மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்து வியாபாரம் செய்தார்கள். பக்கத்து வீடு ஒல்லாந்துக்காரன், அடுத்தது அயர்லாந்துக்காரன், அதற்கடுத்தது இங்கிலீசுக்காரன். ஒருத்தனுக்கும் ஒரு திராட்சைக் கொடி சொந்தமில்லை. ஆனால் எந்தத் தோட்டத்து வைன் எந்தக் கப்பலில் எந்தத் தேசத்துக்குப் போவதென்று முடிவு செய்தது அந்தக் கரைக்காரர்கள்தான். மழை கூடி வைன் தண்ணீராய்ப் போன வருடங்களில், சத்துக்கு ஸ்பெயின் வைனையும் சிசிலி வைனையும் இரகசியமாகக் கலப்பார்கள். அப்படிச் சிசிலி வைன் வாங்க வந்த ஒரு தெல்மான் பலெர்மோவில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டார். அன்றிலிருந்து மூன்று தலைமுறையாகப் பிரான்சுக்காரனின் புகழுக்கு இங்கிருந்து இரத்தம் ஏற்றுவதுதான் இந்த வீட்டின் தொழில்.

"நாங்களும் வெளிநாட்டார்தான் ஞானா," என்பார் பெரியவர். "நானூறு வருடமாக யாரோ ஒருவரிடம் தங்கியிருக்கத் தாள் கேட்டு நிற்கிறோம்."

அவரே பத்தொன்பது வயதில் தொழில் பழகப் போர்தோவுக்கு அனுப்பப்பட்டவர். ஒரு விதவையின் வீட்டில் மேல் அறை. இரண்டாம் வருடம், உலகப் போரில் இத்தாலி பிரான்சோடு சண்டைக்கு வர, அங்கே இருந்த இத்தாலியர் எல்லாரும் ஒரே நாளில் எதிரிகள் ஆனார்கள். அவரையும் பிடித்து எட்டு மாதம் முகாமில் வைத்தார்கள். அந்தக் கதையை மட்டும் அவர் நீட்டிச் சொல்வதில்லை. சொல்லும்போது விரலால் மேசைத் துணியை நீவிக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு அது. வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த ஒரு விண்ணப்பத்தை நவம்பர் பதினொன்றுக்குள் தபாலில் அனுப்பினால், தாள் இல்லாமல் வீட்டு வேலை செய்கிற ஆட்களுக்கு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோ கடைக்காரன் கையை விரித்துவிட்டான். மிச்சம் இருந்தது பெரியவரின் கையெழுத்து ஒன்றுதான். அது கிடைத்தால் ஞானம்பிகைக்குத் தாள் வரும், அவளைப் பிடித்துக்கொண்டு கோபாலசிங்கமும் எழும்பலாம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழிபுரத்தில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்த மகள் பிரசாந்தினியைக் கூப்பிடலாம். விட்டு வரும்போது பிள்ளைக்கு மூன்று வயது. இப்போது ஒன்பது.

கபோவில் மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த இராயப்பு, ஞானம்பிகையின் விண்ணப்பத்தையும் நிரப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சிலுவை போட்டுக் கொடுத்தார்.

"தங்கச்சி, இதிலை கிழவன்ரை கையெழுத்து மட்டும்தான் குறை. வேறை ஒண்டும் வேண்டாம். ஆனால் மனுசன் நல்ல அறிவோடை இருக்கேக்கை வாங்கிப்போடு."

அதுதான் சிக்கல். செப்டெம்பரில் நிலம் ஆடி, கூடத்துச் சுவரில் வெடிப்பு விழுந்த நாளிலிருந்து பெரியவரின் தலைக்குள்ளும் ஏதோ ஆடிப்போயிருந்தது. ஒரு நாள் தெளிவாக இருப்பார், இரண்டு நாள் இருக்க மாட்டார். தெளிவில்லாத நாளில் ஞானம்பிகையை அந்தப் போர்தோ விதவையாக நினைத்து, மதாம் என்று கூப்பிட்டுப் பிரெஞ்சும் இத்தாலியும் கலந்து கதைப்பார். தெளிவான நாளில் தாளை நீட்டினால், "எங்கள் கரையில் வாய்ச்சொல்தான் பத்திரம். தெல்மான் வார்த்தை கொடுத்தாயிற்று. நாளைக்குப் போடலாம்," என்பார். நாளை, நாளை என்று ஒரு மாதம் போய்விட்டது.

நவம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. பெரியவர் தானே முகம் மழித்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கண் தெளிவாக இருந்தது. தேதியைச் சரியாகச் சொன்னார்.

"ஞானா, இன்றைக்கு போர்தோவிலிருந்து ஒல்லாந்துக்காரன் வருகிறான். அவன் வந்தால் எனக்கு நேரமிராது. உன் தாளைக் கொண்டு வா."

ஞானம்பிகைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறைக்கு ஓடித் தாளை எடுத்தாள். பேனையை அவர் கையில் கொடுத்தாள். பெரியவரின் கண்ணாடியைக் காணவில்லை. தேடித் தேடி, கடைசியில் பாண் பெட்டிக்கு மேலே கண்டெடுத்தாள். எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் சமையலறைச் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணக் கலண்டர் கண்ணில் பட்டது. வெள்ளி: ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து முப்பத்திரண்டு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரிக்க முதல் அவள் பட்டதையும் கேட்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால், ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தினான் என்று ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கொழும்பிலிருந்து பயணத்துக்குக் காலடி எடுத்து வைத்தார்கள். அதுவும் ராகு காலம். வேண்டாமென்று அவள் சொல்லச் சொல்லத்தான் வெளிக்கிட்டார்கள். அதன் பலன் மொஸ்கோவில் எட்டு மாதம் பதினேழு பேரோடு ஒரே அறைக்குள் அடைபட்டுக் கிடந்தது. அங்கே வயிற்றில் இருந்த இரண்டாவது பிள்ளை கரைந்துபோனது. அதைப் பற்றி அவள் ஒருவரோடும் கதைப்பதில்லை. ஆனால் மணிக்கூட்டை மட்டும் பார்ப்பாள்.

இந்தத் தாள் பிரசாந்தினியின் தாள். இதை எப்படி அந்த நேரத்தில் தொடங்குவது? ஒன்றரை மணித்தியாலம்தானே. ஒல்லாந்துக்காரன் வருவது ஒரு மணிக்கு.

"சிஞ்ஞோர், இப்போது வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு. இந்த நேரம் எங்களுக்குக் கூடாத நேரம்," என்றாள், தெரிந்த இத்தாலி மொழியில்.

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "உங்களுக்கும் சூட்டுக் காற்று உண்டா? சரி. கெட்ட காற்றில் நானும் கையெழுத்து வைக்க மாட்டேன்," என்று பேனையை மூடி வைத்தார்.

அவர் அப்படிச் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பருப்புச் சூப்பை அடுப்பில் வைத்தாள்.

ஒல்லாந்துக்காரன் பதினொன்றுக்கே வந்து நின்றான். மெலிந்து நெடுத்த மனிதன். மூன்று தலைமுறையாகப் போர்தோக் கரையில் இருக்கிறார்களாம், இன்னும் ஊர்க்காரர் 'அந்த வெளிநாட்டுக்காரன்' என்றுதான் சொல்கிறார்களாம். பன்னிரண்டு கிளாஸ் வைத்தார்கள். மணப்பதும் கொப்பளிப்பதும் துப்புவதுமாக இருவரும் மும்முரமானார்கள். ஞானம்பிகை படிக்கத்தை எடுத்துப் போவதும், ஊற்றிக் கழுவி வைப்பதும், மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக நின்றாள். ஏழாவது கிளாசில் பெரியவர் துப்பவில்லை. விழுங்கினார். எட்டாவதையும் விழுங்கினார். ஒல்லாந்துக்காரன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடமும் கழிந்த பிறகு ஞானம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு தாளோடு வந்தாள். பெரியவர் ஒல்லாந்துக்காரனைப் பார்த்து, "இவர் யார்? எந்தக் கப்பலில் வந்தவர்?" என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்து, "மதாம், விளக்கை ஏற்ற வேண்டாம், விமானம் வரும்," என்றார்.

அவள் நீட்டிய தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

பின்னேரம் கோபாலசிங்கம் வந்தான். வழியில் இராயப்புவையும் கூட்டி வந்திருந்தான், கையோடு தாளைக் கொடுத்துவிடலாம் என்று. விஷயத்தைக் கேட்டதும் கதிரையில் குந்தியவன் சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை.

"மனுசன் பேனையைக் கையிலை பிடிச்ச பிறகு, வேண்டாமெண்டு நீர் சொன்னனீரோ?"

"வேண்டாமெண்டு சொல்லேல்லை. பன்ரண்டுக்கு எண்டுதான் சொன்னனான்."

"ராகு காலமாம்! இராயப்பண்ணை, கேட்டியளே? பலெர்மோவிலை ராகு காலமாம்!"

இராயப்பு வேதக்காரர், கிறிஸ்தவர். அவருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "நாங்களே ஆறு நாடு சுத்தி வந்தனாங்கள். ராகு இஞ்சை எந்த விசாவிலை வந்தது, தங்கச்சி?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. சூரியன் இஞ்சையும் இருக்குத்தானே."

"சரி, இருக்கு. எந்த மணிக்கூட்டைப் பாத்தனி?"

"சுவர் மணிக்கூடு."

"அது இத்தாலி நேரம். கலண்டர் யாழ்ப்பாணக் கலண்டர். இஞ்சை பத்தரை எண்டால் அங்கை பின்னேரம் மூண்டரை. அப்ப உன்ரை ராகு விடியவே எழும்பிப் போட்டுதே."

ஞானம்பிகை இதை யோசித்துப் பார்த்ததில்லை. "ஊர் நேரமோ, இருக்கிற இடத்து நேரமோ?" என்று தனக்குத்தானே கேட்டாள். "சூரியன் உதிக்கிறதை வைச்சுத்தானே கணக்கு. இஞ்சை பிந்தித்தானே உதிக்குது..."

"போன மாதம் மணிக்கூட்டை வேறை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினவங்கள்," என்றார் இராயப்பு. "அது ராகுவுக்குத் தெரியுமோ?"

"அண்ணை, விடுங்கோ!" என்று கத்தினான் கோபாலசிங்கம். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இஞ்சாரும், மொஸ்கோவிலை நடந்தது எனக்கும்தான் நடந்தது. நான் என்ன, மறந்தா போனன்? ஆனால் அது குளிராலை நடந்தது. ராகுவாலை இல்லை."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். ஆறு வருடத்தில் அவன் அதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"நாங்களே வைச்சால் என்ன அண்ணை? அவற்றை பழைய கையெழுத்து கடிதங்களிலை கிடக்கு," என்றான் கோபாலசிங்கம்.

"விசர்க் கதை கதையாதை தம்பி. பிடிபட்டால் பெர்மெஸ்ஸோ இல்லை, மறியல் வீடுதான். இன்னும் மூண்டு நாள் கிடக்கு. கிழவனுக்கு ஒருக்கால் தெளியும்."

சனிக்கிழமை தெளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சூட்டுக் காற்று எழும்பி, சந்துபொந்தெல்லாம் மஞ்சள் மண் வந்து படிந்தது. பெரியவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. மத்தியானம் அவருடைய மருமகள் லவீனியா போன் எடுத்தாள். தங்கையின் மகள், மிலானோவில் இருப்பவள், கெட்டவள் இல்லை. சுவரில் வெடிப்பு, மாமாவின் தலையிலும் வெடிப்பு, இனி அந்த வீட்டில் வைத்திருக்க முடியாது, பக்கத்து ஊரான பகேரியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் மடத்தில் இடம் எடுத்திருக்கிறது, திங்கள் பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றாள். ஞானம்பிகை "சி, சிஞ்ஞோரா" என்று போனை வைத்தாள். வைத்த பிறகுதான் திங்கள் எந்த நாள் என்று உறைத்தது. திங்கள்தான் பதினொன்று.

திங்கள் காலை ஒன்பதரைக்குப் பெரியவர் சமையலறைக்குள் வந்தார். ஒருநாளும் அங்கே வராதவர். கோட் போட்டு, தொப்பி வைத்து, வெறுங்காலோடு நின்றார். மேசையில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்தார். 'வெளிநாட்டவர்', 'தங்கியிருத்தல்' என்ற சொற்களில் விரலை வைத்து வாசித்தார்.

"மதாம், சுவரில் அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். இத்தாலியர் எல்லாரும் வர வேண்டுமாம். இது என் தாள்தானே?"

ஞானம்பிகை பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் ஒரு குற்றமும் செய்யவில்லை மதாம். வைன் பழக வந்தவன். நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதினால் என்னைக் கொண்டுபோக மாட்டார்கள்."

திங்கள் கடைக்கு விடுமுறை, கோபாலசிங்கம் அறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். பாதி முகத்தில் நுரையோடு எட்டிப் பார்த்தான். "பேனையைக் குடும்! வைக்கப்போறார், குடும்!"

"என்னெண்டு வாங்கிறது? அவர் தன்ரை தாள் எண்டு நினைக்கிறாரப்பா."

"என்னத்தை நினைச்சால் என்ன? கை அவற்றை கை. பிரசாந்தினியை யோசியும்."

பெரியவர் விடவில்லை. "முதலில் நீங்கள், மதாம். நீங்கள் எழுதுங்கள், பிறகு நான் வைக்கிறேன்."

என்ன செய்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வைன் பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தை எடுத்தாள். இத்தாலி மொழியில் எழுதத் தெரியாது. தமிழில் எழுதினாள்: 'இவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். இவரை ஒருவரும் இங்கிருந்து வெளியே அனுப்பக் கூடாது. ஞானம்பிகை கோபாலசிங்கம்.'

பெரியவர் அதை வாங்கி, ஒரு வரி விடாமல் வாசிப்பது போலக் கண்ணை ஓட்டினார். அவர் முகம் இளகி, பெடியன் முகம் மாதிரி ஆகிவிட்டது. தாளை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். பிறகு விண்ணப்பத்தை நேராக வைத்து, இராயப்புவின் பென்சில் சிலுவைக்கு மேலேயே, வளைவும் சுழியுமான பழைய எழுத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார். ஒரு பிசகில்லை.

"இனி என்னை அனுப்ப மாட்டார்கள்தானே?"

"இல்லை சிஞ்ஞோர். ஒருவரும் அனுப்ப மாட்டினம்," என்று தமிழில் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

கோபாலசிங்கம் தாளைப் பறிக்காத குறையாக வாங்கி உறையில் இட்டு, மறுகன்னம் மழிக்காமலே பெரிய தபாற் கந்தோருக்கு ஓடினான். ஞானம்பிகை பெரியவருக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டாள். ஒரு முட்டை அவித்துக் கொடுத்தாள். நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. களவெடுத்தது போலவும் இருந்தது, கொடுத்தது போலவும் இருந்தது.

பன்னிரண்டுக்கு லவீனியா வந்தாள். மாமாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பெரியவர் மரியாதையாக எழுந்து நின்று, அவளைப் பொலிஸ் உத்தியோகத்தர் என்று நினைத்தாரோ என்னவோ, உள்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"என்னைக் கொண்டுபோக முடியாது. இந்த வீட்டுக்கார அம்மா எழுதித் தந்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள்."

லவீனியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன எழுத்து? ஞானா, இதில் என்ன இருக்கிறது? மாமாவிடம் யாராவது கையெழுத்து வாங்கினார்களா? இந்த நிலையில் அவர் போடுகிற கையெழுத்து செல்லாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்."

பெரியவர் ஞானம்பிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமில்லாத பார்வை. இவள் சொல்லிவிடுவாள் என்று நம்பி நிற்கிற பார்வை. உறை இப்போது எங்கே இருக்கும்? வரிசையிலா, கண்ணாடிக்கு அப்பாலா? கையெழுத்தைப் பற்றி இப்போது ஒரு சொல் சொன்னாலும் லவீனியா தபாற் கந்தோருக்குப் போன் எடுப்பாளோ, வக்கீலுக்கு எடுப்பாளோ?

"நியெந்தே, சிஞ்ஞோரா," என்றாள் ஞானம்பிகை. "ஒன்றுமில்லை. கபோவில் வாங்குகிற சாமான் பட்டியல்."

பெரியவருக்கு அது கேட்டது. தாளைத் திரும்ப வாங்கி, அதே மடிப்பில் மடித்து, அதே பையில் வைத்தார். கோட்டுப் பொத்தானை ஞானம்பிகைதான் பூட்டிவிட்டாள். மூன்றாவது பொத்தானில் அவளுடைய விரல் வழுக்கியது. அவர் பொறுமையாக நின்றார். லிஃப்ட் கதவு சாத்தும்போது தொப்பியை எடுத்து, "மெர்சி, மதாம்," என்றார்.

ஒன்றரைக்குக் கோபாலசிங்கம் தபால் துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். கபோவில் கடலைமா வடகம் வைத்த பாண் வேறு வாங்கியிருந்தான்.

"குடுத்தாச்சு! முத்திரையும் குத்தியாச்சு! பெரியவர் எங்கை, அவருக்கும் ஒரு பாண் வாங்கினனான்."

"அனுப்பிப்போட்டன்."

"மருமேள் வந்திட்டாவோ? அவாவே கூட்டிக்கொண்டு போனவா?"

"இல்லை. நான்தான் அனுப்பினனான்."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தொலைபேசிக் கடைக்குக் கூட்டி வந்து வைத்திருக்கச் சொல்லித் தங்கச்சிக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவளை இழுத்துக்கொண்டு மூலையில் இருந்த போன் கடைக்குப் போனான். கூட்டுக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்றார்கள். அவனே முதலில் கதைத்தான், சிரித்தான், கண்ணைத் துடைத்தான், பிறகு றிசீவரை அவளுடைய காதில் வைத்தான்.

"அம்மா," என்றது பிள்ளையின் குரல், ஆறு வருடத் தூரத்திலிருந்து. "தாள் வந்திடுமாம், அப்பா சொல்லுறார். நான் அங்கை வந்தால் பிறகு ஒருத்தரும் என்னை அனுப்ப மாட்டினமோ?"

ஞானம்பிகை வாயைத் திறந்தாள். கோபாலசிங்கம் முழங்கையால் இடித்தான்.

"ஓமெண்டு சொல்லுமன். பிள்ளை கேக்குது, சொல்லுமன்."

அவள் றிசீவரை அவனிடம் நீட்டினாள்.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.